சரக்குக்குச் சரக்கு: காசு செல்லாத இடத்தில் நடந்த பேரங்கள்

1959 ஜூலை 24. மாஸ்கோ நகரத்து சொகோல்னிகி பூங்காவில் அமெரிக்கா கடை விரித்திருந்தது. துணி துவைக்கும் இயந்திரம், கார், எலுமிச்சை நிறத்தில் ஒரு சமையலறை என்று தங்கள் நாட்டு வீடுகளில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து சோவியத் மக்களுக்குக் காட்டினார்கள். அந்தச் சமையலறை முன்னால் நின்றுதான் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் யாருடைய ஆட்சிமுறை உசத்தி என்று விரல் நீட்டி வாதாடினார்கள்.

அதே கண்காட்சியில் பெப்சி கம்பெனிக்கும் ஓர் அரங்கு இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் டொனால்டு கெண்டல், கம்பெனியின் வெளிநாட்டு வியாபாரத்துக்குப் பொறுப்பாளர். எப்படியாவது குருஷ்சேவ் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நிக்சனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். நிக்சனும் அழைத்து வந்தார். கெண்டல் இரண்டு வகை பெப்சியை நீட்டினார். ஒன்று அமெரிக்காவில் தயாரானது. மற்றது மாஸ்கோ தண்ணீரில் அங்கேயே கலந்தது. மாஸ்கோ தண்ணீரில் கலந்ததுதான் ருசி என்று குருஷ்சேவ் அடித்துச் சொன்னார், கூட வந்தவர்களையும் குடிக்கச் சொன்னார். புகைப்படக்காரர்களுக்கு அது போதும்.

படம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் சோவியத் கடைகளுக்குப் பெப்சி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. காரணம் ருசி இல்லை, கொள்கை மட்டும் இல்லை. ரூபிள் நாட்டு எல்லையைத் தாண்டினால் செல்லாது. அதை எடுத்துக்கொண்டு போய் நியூயார்க்கில் டாலராக மாற்ற முடியாது. கோடிக்கணக்கில் பெப்சி விற்றாலும், விற்ற காசு மாஸ்கோவிலேயே முடங்கிக் கிடக்கும்.

1972-ல் அதற்கு வழி கண்டார்கள். பெப்சி தன் சாரத்தை அனுப்பும். சோவியத் அரசு அதற்கு ஈடாக ஸ்டொலிச்னயா வோட்காவை அனுப்பும். அமெரிக்காவில் அந்த வோட்காவை விற்கும் உரிமை பெப்சிக்கு மட்டும். விற்ற டாலர்தான் சாரத்துக்கு விலை. 1974-ல் கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்கில் முதல் பெப்சி ஆலை திறந்தது. அமெரிக்க நுகர்பொருள் ஒன்று சோவியத் மண்ணிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது அதுவே முதல் முறை.

இதில் பெப்சிக்குக் கிடைத்த பாடத்தைக் கவனிக்க வேண்டும். பெப்சி எவ்வளவு விற்கலாம் என்பதை இப்போது மாஸ்கோக்காரரின் தாகம் தீர்மானிக்கவில்லை, அமெரிக்கக் குடிகாரர்கள் எவ்வளவு வோட்கா வாங்குகிறார்கள் என்பதுதான் தீர்மானித்தது. 1979 இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. 1983 செப்டம்பரில் தென்கொரியப் பயணி விமானம் ஒன்றை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 உயிர்கள் போயின. ரஷ்ய வோட்கா வேண்டாம் என்று அமெரிக்காவில் கோபம் கிளம்பியது. சில மாநிலங்கள் அரசு மதுக்கடைகளிலிருந்தே அதை எடுத்துவிட்டன. வானத்தில் நடந்த கொடுமை குளிர்பானக் கணக்குப் புத்தகத்தில் வந்து விழுந்தது. பண்டமாற்றில் நம் சரக்கோடு எதிராளியின் தலைவிதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

1980-களின் இறுதியில் சோவியத் நாட்டில் சுமார் 20 பெப்சி ஆலைகள் ஓடின. வோட்காவை மட்டும் கொண்டு ஈடுகட்ட முடியவில்லை. வேறு என்ன தர முடியும்? 1989-ல் மாஸ்கோ காட்டியது துறைமுகத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்த கடற்படைக் கலங்களை. 17 பழைய நீர்மூழ்கிகள், ஒரு குரூசர், ஒரு ஃபிரிகேட், ஒரு டிஸ்ட்ராயர். ஒரு நீர்மூழ்கிக்கு சுமார் 1.5 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது.

பெப்சி உலகின் ஆறாவது பெரிய கடற்படையைச் சொந்தமாக்கிக்கொண்டது என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. நம்ப வேண்டாம். சண்டைக்குப் போகும் நிலையில் அவை இல்லை. நார்வேக்கு இழுத்துப்போய் உடைத்து இரும்பாக விற்கத்தான் அந்த ஏற்பாடு. ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று வண்டிக்காரர் கூவிக்கொண்டு போகும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த வியாபாரத்தை விளக்கவே வேண்டாம். உடைந்த வாளி அவருக்குத் தெரிந்த உலைக்கூடத்தில் காசாகும். நமக்கு அது வெறும் அடைசல். அதே கணக்குதான், அளவுதான் வேறு.

அடுத்த ஆண்டே இன்னும் பெரிய ஒப்பந்தம். 2000-ஆவது ஆண்டு வரைக்கும், 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பு. இம்முறை பழைய கலங்கள் இல்லை, சோவியத் தளங்களில் புதிதாகக் கட்டும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும். அவற்றை விற்றும் வாடகைக்கு விட்டும் டாலர் சம்பாதித்து, ஆலைகள் கட்டவும் பிட்சா ஹட் கடைகள் திறக்கவும் திட்டம். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், இப்போது பேச வேண்டியவர்கள் 15 பேர். கப்பல் கட்டும் தளம் உக்ரைனில், பிட்சாவுக்குப் பாலாடைக்கட்டி லிதுவேனியாவில், பிளாஸ்டிக் பாட்டில் பெலாரசில். ஒவ்வொருவரும் தனித்தனியே டாலர் கேட்டார்கள். ஒப்பந்தம் துண்டு துண்டானது. பெப்சி முப்பது ஆண்டு பாடுபட்டுப் பிடித்த சந்தைக்குள் கோகோ கோலா ரொக்கத்தோடு நுழைந்தது.

யாருக்குத் தலைவலி?

இந்த மாதிரிப் பேரங்களை விநோதச் செய்தியாகப் படித்துவிட்டுப் போகிறோம். யூகோஸ்லாவியா அமெரிக்க டிசி-9 விமானங்களுக்கு ஈடாகப் பன்றி இறைச்சி டின்களைக் கொடுத்தது. 1984-ல் சவுதி அரேபியா 10 போயிங் 747 விமானங்களைக் கச்சா எண்ணெய் கொடுத்து வாங்கியது. மலேசியா ரஷ்யப் போர் விமானங்களுக்கு ஒரு பகுதி விலையைப் பாமாயிலில் கட்டியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வாங்கிய சரக்கை விற்றுக் காசாக்க வேண்டிய தலைவலி யாருக்கு? அந்தச் சரக்கை உண்டாக்கிய கைகளுக்கு என்ன சேர்ந்தது?

முதல் கேள்விக்குத் தொழில்காரர்கள் பல வழிகளில் விடை தேடினார்கள். விமானம் செய்பவருக்கு இறைச்சி விற்கத் தெரியாது. ஆகவே தள்ளுபடி கொடுத்து அதை வேறொரு தரகரிடம் கைமாற்றி விடுவார். வியன்னா நகரத்தில் இதையே பிழைப்பாக வைத்திருந்த தரகர்கள் இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் எந்தச் சரக்கையும் யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவது அவர்கள் திறமை. இன்னொரு வழி, கொடுத்த இயந்திரத்திலிருந்து வரும் விளைச்சலையே விலையாக வாங்கிக்கொள்வது. இந்த வகையில் உலகத்தையே மாற்றிய பேரம் 1970 பிப்ரவரி 1 அன்று ஜெர்மனியின் எசன் நகரில் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனியின் மன்னெஸ்மன் நிறுவனம் 12 லட்சம் டன் பெருங்குழாய்களை சோவியத் நாட்டுக்குத் தரும். ஜெர்மன் வங்கிகள் கடன் கொடுக்கும். சோவியத் அதே குழாய்களைப் பதித்து, அவற்றின் வழியே எரிவாயுவை 20 ஆண்டுகளுக்கு அனுப்பிக் கடனைத் தீர்க்கும். 1973-ல் எரிவாயு வந்தது. பனிப்போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், 2022 உக்ரைன் போர் வரைக்கும், ஜெர்மன் வீடுகளின் அடுப்பும் ஆலைகளின் உலையும் பெருமளவு அந்த உறவில் எரிந்தன.

காப்பிக்கு லாரி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1975 ஜூலையில் பிரேசிலில் கடும் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. இரண்டே ஆண்டில் உலகக் காப்பி விலை பல மடங்கு ஏறியது. அதன் அடி மிக மோசமாக விழுந்தது கிழக்கு ஜெர்மனிமேல். காப்பி இல்லாமல் அங்கே பொழுது விடியாது. ஆனால் வாங்க வெளிநாட்டுப் பணம் இல்லை. 1977-ல் அரசு ஒரு கலவைத் தூளை இறக்கியது. பாதிக்குக் கொஞ்சம் மேல் காப்பி, மிச்சம் சிக்கரி, கம்பரிசி மாதிரியான தானியம், பீட்ரூட் வகை. நல்ல டிகாக்ஷன் தெரிந்த எவருக்கும் அந்த மக்களின் கோபம் புரியும். புகார்க் கடிதங்கள் குவிந்தன. அரசு பின்வாங்கியது.

பிறகு காப்பி விளையும் ஏழை நாடுகளைத் தேடிப் போனார்கள். எத்தியோப்பியாவுக்கு ஆயுதமும் லாரியும் கொடுத்துக் காப்பி வாங்கினார்கள். அங்கே மெங்கிஸ்துவின் ராணுவ ஆட்சி தன் மக்கள்மேலேயே துப்பாக்கி திருப்பிய காலம் அது. காலையில் பெர்லினில் ஊற்றிய காப்பிக்கு அடிஸ் அபாபாவில் கொடுத்த விலை அது.

வியட்நாமோடு செய்த ஒப்பந்தம் வேறு மாதிரி. 1980-ல் கையெழுத்தானது. டாக் லாக் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட கிழக்கு ஜெர்மனி லாரிகள், இயந்திரங்கள், நீர்ப்பாசனக் கருவிகள் எல்லாம் கொடுத்தது. வீடுகளும் மருத்துவமனையும் கட்டித் தந்தது. அதற்கு ஈடாக 20 ஆண்டுகளுக்கு விளைச்சலில் பாதி. செடி வளர்ந்து நல்ல அறுவடை கொடுக்கத் தொடங்கிய நேரம் 1990. அந்த ஆண்டு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே மறைந்தது. நட்டவர் போய்விட்டார், தோட்டம் நின்றது. இன்று பிரேசிலுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது பெரிய காப்பி விளைச்சல் நாடு வியட்நாம். ஆனால் அந்த மலைநாட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடிகள், சமவெளியிலிருந்து குடியேற்றப்பட்டவர்களுக்கு நடுவே தங்கள் காட்டை இழந்தார்கள். அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

கிழக்கு ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1989 வரை அது தன் சிறைகளில் இருந்த அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனிக்கு விற்றது. 33,000 பேருக்கு மேல். விலை மொத்தம் 300 கோடி மார்க்குக்கும் அதிகம். பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, செம்பு, கச்சா எண்ணெய் போன்ற சரக்காக. புராட்டஸ்டன்ட் திருச்சபையின் தொண்டு அமைப்பு நடுவில் நின்று நடத்திக் கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு அது மறுபிறப்பு. அதற்காக அந்த வியாபாரத்தை நல்லது என்று சொல்லிவிட முடியாது.

கூப்பன் அரிசி வந்த வழி

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பேரம் நம் கடலுக்கு அக்கரையில் நடந்தது. இலங்கையில் மூத்தவர்களுக்கு அது ‘ரப்பர் அரிசி ஒப்பந்தம்’.

1952-ல் இலங்கை இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டது. கொரியப் போர் தொடங்கியபோது விண்ணுக்குப் போன ரப்பர் விலை சரிந்துவிட்டது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. பர்மாவிலும் தாய்லாந்திலும் வாங்கிப் பழகிய நாடு, கேட்ட அளவு அரிசி கிடைக்காமல் தவித்தது. அமெரிக்காவிடம் பேசிப் பார்த்தார்கள். ரப்பருக்கு நல்ல விலையும் வரவில்லை, அரிசிக்குச் சலுகையும் வரவில்லை.

அந்த நேரத்தில் ரப்பருக்காகத் தவித்த இன்னொரு நாடு சீனா. கொரியப் போரில் அமெரிக்காவுக்கு எதிரே நின்றதால், 1951 மே மாதம் ஐ.நா. சபை சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருள்கள் போகக் கூடாது என்று தடை போட்டிருந்தது. ரப்பரும் அதில் அடக்கம். மலாயாவின் ரப்பர் பிரிட்டன் கையில். சீனாவிடம் அரிசி இருந்தது, டயருக்கு ரப்பர் இல்லை. இலங்கையிடம் ரப்பர் இருந்தது, பானைக்கு அரிசி இல்லை.

அன்றைக்கு இலங்கை ஐ.நா. உறுப்பினராகவே இல்லை. அதைச் சேரவிடாமல் ரத்து அதிகாரத்தைக் காட்டித் தடுத்தது சோவியத் யூனியன். 1955-ல்தான் இலங்கைக்கு இடம் கிடைத்தது. உறுப்பினர் அல்லாத நாட்டை ஐ.நா. தடை கட்டுப்படுத்தவில்லை. அவமானமாக நினைத்த ஒன்றே வாசல் திறந்து விட்டது.

வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சீனா 2,70,000 டன் அரிசி தரும். இலங்கை 50,000 டன் ரப்பர் ஷீட் தரும். அது இலங்கை ரப்பரில் ஏறத்தாழ பாதி. ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல், அரிசிக்குச் சந்தை விலையைவிடக் குறைவு. சரியாகச் சொன்னால் இது மூட்டைக்கு மூட்டை அல்ல. இரண்டுக்கும் தனித்தனி விலை போட்டு, இரு பக்கமும் கணக்கு வைத்து, மிச்சத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இரு நாடுகளுக்கும் அப்போது தூதரக உறவுகூட இல்லை. அது 1957-ல்தான் வந்தது.

கொழும்பில் ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. பிரதமர் டட்லி சேனநாயக்க. கட்சிக்குள்ளேயே அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருள் விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்று அவர்கள் சட்டம் சொன்னது. சில ஆண்டுகளுக்கு இலங்கைக்கு அமெரிக்க உதவி கிடைக்கவில்லை. அப்படியும் ஒரு சின்னஞ்சிறு நாடு தன் மக்களின் சாப்பாட்டை முன்னே வைத்து, வல்லரசின் முகச்சுளிப்பைப் பின்னே வைத்தது. இதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து மரங்களிலிருந்து. சின்னச் சின்னத் தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் சிங்களவர். பெருந்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் நம் மதுரை, திருச்சி, இராமநாதபுரத்துச் சீமைகளிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

பால்வெட்டு விடியலுக்கு முந்தின வேலை. வெயில் ஏறினால் பால் சரியாக ஓடாது. கத்தியை மரத்தோடு சாய்த்துப் பிடித்து, கடைசியாக வெட்டிய கோட்டுக்குக் கீழே நூலிழை கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அப்புறம் பல ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் வெட்ட முடியாது. ஆழம் குறைந்தால் பால் வராது. சீவியவுடன் வெள்ளைக் கோடாகப் பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். ஒருவர் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரம் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி வந்து சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றிச் சேர்க்க வேண்டும். மழை வந்தால் அன்றைக்குப் பாலும் இல்லை, பல இடங்களில் கூலியும் இல்லை. சேர்ந்த பாலில் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் பிழிந்து, புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் தேன் நிறத்து ஷீட். அதுதான் சீனாவுக்குக் கப்பலேறியது.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்போது நாடு இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. நாட்டின் அடுப்பு எரிய அவர்கள் உழைப்பு சரக்காகப் போனது, நாட்டின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இந்த ஒப்பந்தத்தைப் பாராட்டி எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

ஒப்பந்தம் அரிசியைக் கொண்டுவந்தது, ஆனால் அரசின் பணமுடையைத் தீர்க்கவில்லை. 1953 ஜூலையில் ரேஷனில் கொடுத்த கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுக்க ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடியது. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசிக்கு வழி கண்ட பிரதமரே அரிசியால் விழுந்தார்.

ஆனால் ரப்பர் அரிசி ஒப்பந்தம் விழவில்லை. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. ஒவ்வொருவரும் புதுப்பித்தார்கள். 30 ஆண்டுகள், 1982 வரை நடந்தது. பெப்சியின் கப்பல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. வித்தியாசம் என்ன? இலங்கைக்கு வந்த சரக்கை விற்க யாரையும் தேட வேண்டியதில்லை. வந்த அன்றே உலையில் ஏறிவிடும். சீனாவுக்குப் போனதும் அப்படியே டயராகிவிடும். இரு பக்கமும் உண்மையான பசி இருந்தது.

ரூபாயில் ஒரு சோவியத் சந்தை

இந்தியாவும் இந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. 1953-ல் சோவியத் நாட்டோடு வணிக ஒப்பந்தம் போட்டோம். இயந்திரங்களுக்கும் ஆயுதங்களுக்கும் கடன் வாங்கி, டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில் தீர்த்தோம். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் இங்கேயே தேயிலை, புகையிலை, தோல், பின்னலாடை, மருந்து வாங்கிக்கொண்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோலுக்கும் நீலகிரித் தேயிலைக்கும் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்.

சோவியத் நாடு மறைந்தபோது குன்னூர் ஏலக்கூடத்தின் பெரிய கை மறைந்தது. அதன் பின்பு வந்த விலைச் சரிவில் நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாடு அந்த மலைக்காரர்களுக்குத் தெரியும். ஒரே வாடிக்கையாளர் கையை நம்பி இருந்ததும் அந்தத் துன்பத்துக்கு ஒரு காரணம். நாம் வைத்திருந்த கடனோ மறையவில்லை. 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் எல்த்சின் டெல்லி வந்தபோது கணக்குப் பார்த்தார்கள். 63 சதவீதத்தை 12 ஆண்டுகளிலும், மிச்சம் 37 சதவீதத்தை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளிலும் தீர்ப்பது என்று முடிவானது. தீர்ப்பதும் பெரும்பாலும் சரக்காக.

பிறகு கதை திரும்பி வந்தது. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெயை நாம் ஏராளமாக வாங்கினோம். ரூபாயில் கட்டிய பணம் நம் வங்கிகளில் தேங்கியது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1959-ல் கெண்டலுக்கு ரூபிளோடு இருந்த பிரச்சினை, 2023-ல் ரஷ்யாவுக்கு ரூபாயோடு வந்தது.

எண்ணெய்க்குத் தேயிலை

கடைசியாக, அண்மைக் காலத்துப் பேரம் ஒன்று. 2012-ல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25.1 கோடி டாலர் பாக்கி. அமெரிக்கத் தடையால் பணம் அனுப்ப முடியவில்லை. பிறகு அனுப்பவும் பணமில்லை. 2021 டிசம்பரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புத் தேயிலை ஈரானுக்குப் போகும், பாக்கியிலிருந்து அந்தத் தொகை கழியும். அதாவது இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் ரூபாய் கொடுக்கும், ஏற்றுமதியாளர்கள் அந்த ரூபாயைப் பெற்றுத் தேயிலையை அனுப்புவார்கள். தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடையில் சிக்காது என்று அமைச்சர் விளக்கினார். அடுத்த ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதையே நிறுத்தியது. தேயிலைப் பரிமாற்றம் 2023-ல் தொடங்கியது.

நல்ல ஏற்பாடு. டாலர் இல்லாத நாட்டுக்கு டாலர் செலவில்லாமல் கடன் தீர்கிறது. ஈரானியர்கள் சிலோன் தேயிலையை விரும்பிக் குடிப்பவர்கள், விற்கும் தலைவலி யாருக்கும் இல்லை. முதல் கேள்வியில் இது தேறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வியைக் கேட்க நுவரெலியாப் பக்கம் போக வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் கூடையோடு செங்குத்து மலையில் ஏறும் பெண்கள் பறித்த கொழுந்துதான் அந்த 25.1 கோடி டாலர். இரண்டு இலையும் ஒரு மொட்டும், விரல் நுனியால், நாள் முழுக்க. சொன்ன கிலோ சேராவிட்டால் அரை நாள் கூலி. பெரும்பாலானவர்கள் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகளான லயன் அறைகளில். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் அவர்களுக்கு விதித்த குறைந்தபட்ச நாட்கூலி 1,000 ரூபாய். தேயிலை ஒப்பந்தம் போட்ட நாளில் அது சுமார் 5 டாலர். அடுத்த ஆண்டு இலங்கை ரூபாய் சரிந்தபோது, அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே போனது. மாவும் அரிசியும் விலை ஏறின. கூடை மட்டும் எடை குறையவில்லை.

ஒரு நாட்டின் எண்ணெய்க் கடனைத் தீர்க்கும் அளவுக்கு அவர்கள் கை வேலைக்கு மதிப்பு உண்டு என்று இரண்டு அரசுகள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அந்த மதிப்பில் நியாயமான பங்கு அவர்கள் கைக்கும் வர வேண்டும். கொழும்பும் தோட்டக் கம்பெனிகளும் அதைச் செய்ய வேண்டும். அவர்களை அந்த மலைக்கு அனுப்பிய ஊர்க்காரர்களான நாமும் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.